வயசான நாய்க்கு வெறும் சோறு போதுமா? தட்டில் செய்ய வேண்டிய சின்னச் சின்ன மாற்றங்கள் என்னென்ன?

திருக்காட்டுப்பள்ளி, பூதலூர், திருவையாறு பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சி பொதுவானது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், மிச்சமிருக்கும் சோற்றில் கொஞ்சம் ரசமோ, குழம்போ, மோரோ ஊற்றிப் பிசைந்து வாசலில் இருக்கும் நாய்த் தட்டில் வைப்பார்கள். நெல் விளையும் ஊரில் நாய்க்கும் சோறுதான். குட்டியாக வந்த நாள் முதல் அதைச் சாப்பிட்டே பத்து வருஷம் ஓடியிருக்கும்.

திடீரென்று ஒருநாள் பாதித் தட்டு மிச்சம் கிடக்கும். முதுகெலும்பு தெரிய ஆரம்பிக்கும். திண்ணையில் ஏறத் தயங்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள்.

அப்படித்தான் இருக்க வேண்டுமா? வயசான நாயின் சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்? விலை உயர்ந்த பாக்கெட் உணவு வாங்கினால்தான் முடியுமா? எது வயசு, எது நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

நாய்க்கு எந்த வயசில் முதுமை?

எல்லா நாய்க்கும் ஒரே வயசு கிடையாது. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, ஒரு நாயின் எதிர்பார்க்கப்படும் ஆயுளில் கடைசி 25 சதவீதம்தான் முதுமைக் காலம். 12 வருஷம் வாழக்கூடிய நாய் என்றால் 9 வயசிலேயே முதுமை தொடங்கிவிடுகிறது என்று அர்த்தம்.

உடம்பு பெரிதாக இருந்தால் முதுமை சீக்கிரம் வரும். கிரேட் டேன் மாதிரி மிகப் பெரிய நாய்களுக்கு 6 வயசிலேயே வந்துவிடும். பொமரேனியன் மாதிரி சின்ன நாய்கள் 10 வயசிலும் துள்ளிக்கொண்டிருக்கும். நம்ம ஊர் நாட்டு நாய் நடுத்தர அளவு என்பதால் 8, 9 வயசிலிருந்தே கவனிக்கத் தொடங்குவது நல்லது.

உடம்புக்குள் என்ன மாறுகிறது?

முக்கியமாக நான்கு விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, ஓட்டம் குறைவதால் எரியும் சக்தியும் குறைகிறது. அதே அளவு சாப்பாட்டைத் தொடர்ந்தால் சில நாய்கள் குண்டாகிவிடும்.

இரண்டாவது, தசை கரைகிறது. எடை மாறாமல் இருக்கும்போதே கொழுப்பு ஏறி, தசை குறையலாம். தோள்பட்டை, தொடை, முதுகெலும்பின் இரண்டு பக்கம் ஆகிய இடங்களில் கை வைத்துப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, மோப்பமும் பல்லும் பலவீனமாகின்றன. நாய்க்கு வாசனைதான் பாதி ருசி. வாசனை எட்டவில்லை என்றால் பசி இருந்தாலும் தட்டுப் பக்கம் வராது. பல்லில் காரை படிந்து ஈறு வீங்கியிருந்தால், வந்த நாயும் மென்று பார்த்துவிட்டுக் கீழே துப்பிவிடும்.

நான்காவது, சிறுநீரகம், இதயம், கல்லீரல் ஆகியவற்றின் வேலைத்திறன் மெல்லக் குறைகிறது. சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதான பிறகுதான் வெளியே அறிகுறி தெரியும் என்பது இதில் கவலைக்குரிய விஷயம்.

சோறு நாய்க்கு ஆகாதா?

"நாய் ஓநாய் வம்சம், அதுக்குக் கறிதான் போடணும், சோறு போடக்கூடாது" என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி வீடியோ வரும். இது முழு உண்மை இல்லை.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு 2013ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் என்ற நொதியை உருவாக்கும் மரபணு, ஓநாய்க்கு 2 பிரதிகள்தான் இருந்தன. நாய்களுக்கு 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. விவசாயம் செய்யத் தொடங்கிய மனிதரோடு சேர்ந்து வாழ்ந்ததால், தானியத்தைச் செரிக்கும் திறன் நாய்க்கு வளர்ந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அதனால் நன்றாக வெந்த சோறு நாய்க்கு எதிரி இல்லை. வயிற்றுப்போக்கு வந்த நாய்க்குக் குழைந்த சோறும் வெந்த கோழிக்கறியும் கொடுக்கச் சொல்வது டாக்டர்களின் வழக்கம்தான். சோறு மட்டுமே சாப்பாடாக இருப்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

15 கிலோ எடையுள்ள, அதிகம் ஓடாத ஒரு வயசான நாட்டு நாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 முதல் 750 கிலோ கலோரி தேவைப்படும்.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 130 கிலோ கலோரி இருக்கிறது. புரதமோ 2.7 கிராம் அளவுதான். தேவையான சக்தி முழுவதையும் சோற்றிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால் நாய் 570 கிராம் சோறு சாப்பிட வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் 15 கிராம் சொச்சம்.

நாய் உணவுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க அமைப்பு, வளர்ந்த நாய்க்கு ஒவ்வொரு 1,000 கிலோ கலோரிக்கும் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. நம் கணக்கில் இது 34 கிராம். சோறு மட்டும் சாப்பிடும் நாய்க்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. இளம் வயசில் தெருவில் பிடித்துத் தின்ற எலியும், வயலில் கிடைத்த நண்டும், கறிக்கடை மிச்சமும் இந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்பியிருக்கும். வயசாகி வாசலிலேயே படுத்துவிட்ட பிறகு அதுவும் கிடையாது.

இப்போது அதே தட்டைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். ஒரு நாளைக்கான அளவு இது:

• வெந்த சோறு: 350 கிராம்
• எலும்பில்லாத வெந்த கோழிக்கறி: 80 கிராம்
• வேகவைத்த முட்டை: 1
• புளிக்காத தயிர்: 50 கிராம்
• வெந்த பறங்கிக்காய் அல்லது கேரட்: 50 கிராம்

கலோரி ஏறக்குறைய 700தான் வருகிறது. ஆனால் புரதம் 40 கிராமை நெருங்குகிறது. சோறு இன்னமும் தட்டில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிக் கறியும் செய்த வித்தியாசம் இது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இந்தத் தட்டில் கால்சியம் மிகக் குறைவு. தேவை கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் என்றால், கிடைப்பது 150 மில்லிகிராம்கூட இல்லை. வீட்டுச் சாப்பாட்டில் கறியைக் கூட்டக் கூட்டப் பாஸ்பரஸ் ஏறும், கால்சியம் ஏறாது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டு நாய் உணவுச் செய்முறைகளை 2013இல் ஆராய்ந்தார்கள். 95 சதவீதச் செய்முறைகளில் குறைந்தது ஒரு முக்கியச் சத்தாவது போதிய அளவில் இல்லை. கவனமாக எழுதிய செய்முறைகளுக்கே இந்த நிலை என்றால், மிச்சச் சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தினமும் வீட்டுச் சாப்பாடுதான் என்றால், கால்சியத்துக்கும் மற்ற தாதுச் சத்துகளுக்கும் நாய்க்கென உள்ள மருந்தை எந்த அளவில் சேர்ப்பது என்று கால்நடை டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதும் ஒரு வழிதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு, கல் பிரச்சினை உள்ள நாய்க்கு இது எல்லாமே மாறும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சின்ன மாற்றங்கள் எட்டு

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். வயசான வயிறு அதைத் தாங்காது. புதிய உணவை முதலில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு, பிறகு முக்கால் பங்கு என்று 7 முதல் 10 நாட்களில் கொண்டு வாருங்கள்.

1. நாய்க்கு முதலில் எடுத்து வையுங்கள்: மிச்சத்தைப் போடுவதற்குப் பதிலாக, தாளிப்பதற்கு முன்பே நாயின் பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். கோழி வேகும்போது உப்பு, மசாலா, வெங்காயம் போடுவதற்கு முன் நான்கு துண்டு எடுத்து வைத்தால் போதும். கூடுதல் செலவில்லை. எல்லா மாற்றங்களிலும் அதிகப் பலன் தருவது இதுதான்.

2. இரண்டு வேளையை மூன்றாக்குங்கள்: மொத்த அளவு அதேதான். சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துக் கொடுத்தால் செரிமானம் சுலபம்.

3. வெதுவெதுப்பாகக் கொடுங்கள்: ஆறிப்போன சோற்றில் வாசனை எழாது. கொஞ்சம் வெந்நீரோ, உப்பில்லாத கறி வேகவைத்த தண்ணீரோ ஊற்றிப் பிசைந்தால் மோப்பம் குறைந்த நாயும் தட்டைத் தேடி வரும். கை பொறுக்கும் சூடு போதும்.

4. பல்லுக்கேற்ற பதம்: பல் ஆடினாலும் ஈறு வீங்கினாலும் சோற்றைக் குழைய விடுங்கள், கறியைப் பிய்த்துப் போடுங்கள். பாக்கெட் உணவு என்றால் வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவையுங்கள். கூடவே பல்லை டாக்டரிடம் காட்டுங்கள். பதத்தை மாற்றினால் வலி போய்விடாது.

5. வாரம் ஒன்றிரண்டு நாள் மத்தி: மத்தி மீனில் ஒமேகா-3 கொழுப்பு அதிகம். மூட்டு அழற்சிக்கு இது நல்லது. குக்கரில் உப்பில்லாமல் நன்றாக வேகவைத்தால் சின்ன முள்ளும் மெத்தென்று ஆகிவிடும். பெரிய மீன் என்றால் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். பச்சை மீன் வேண்டாம்.

6. ஈரல் அளவோடு: கோழி ஈரல் சத்தானது, நாய்க்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் தினமும் நிறையக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கிவிடும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், கொஞ்சமாக.

7. நார்ச்சத்து: வயசான நாய்க்கு மலச்சிக்கல் சகஜம். வெந்த பறங்கிக்காய், கேரட், பீன்ஸ் மசித்துச் சேர்க்கலாம். இந்தப் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. ஒரு சின்னத் துண்டு வாழைப்பழம் கொடுக்கலாம், மாத்திரையை அதற்குள் வைத்துக் கொடுக்கவும் வசதி. சீப்பாகக் கொடுத்தால் சர்க்கரைதான் ஏறும்.

8. தண்ணீரும் தட்டின் உயரமும்: கழுத்து, முன்னங்கால் வலி உள்ள நாய் தரை வரை குனிய சிரமப்படும். ஒரு செங்கல் உயரத்தில் தட்டை வைத்துப் பாருங்கள். வழுக்கும் தரை என்றால் அடியில் ஒரு சாக்கு. தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுப்பது நல்லது.

சைவ வீடு என்றால்?

முட்டையோ கறியோ சமைக்காத வீட்டிலும் நாய் வளர்க்கிறார்கள். அங்கே தயிர், பனீர், நன்றாக வெந்து மசிந்த பாசிப்பருப்பு ஆகியவை கை கொடுக்கும். பாலைவிடத் தயிர் மேல். வளர்ந்த பல நாய்களுக்குப் பால் சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும்.

ஆனால் பருப்பை மட்டும் நம்பியிருப்பதும் சரியில்லை. பட்டாணி, பருப்பு வகைகள் அதிகம் சேர்த்த, தானியமில்லாத பாக்கெட் உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணையைத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 'தானியமில்லாதது' என்பதே ஒரு தகுதி என்று நினைத்து அதிக விலை கொடுக்கத் தேவையில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. சைவம் மட்டுமே என்றால், பாதி வீட்டுச் சாப்பாடு, பாதி முழுச்சத்துள்ள பாக்கெட் உணவு என்று பிரித்துக் கொடுப்பது பாதுகாப்பான வழி.

'சீனியர்' என்று போட்ட பாக்கெட் அவசியமா?

கடையில் 'சீனியர்', '7 பிளஸ்' என்று அச்சிட்ட பாக்கெட்டுகள் விற்கின்றன. ஆனால் முன்பு சொன்ன அமெரிக்க அளவுகோலில் குட்டிக்கு ஒன்று, வளர்ந்த நாய்க்கு ஒன்று என்றுதான் இருக்கிறது. முதிய நாய்க்கென்று தனி அளவுகோல் கிடையாது. அதனால் ஒரு நிறுவனத்தின் 'சீனியர்' உணவில் புரதம் கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். முன்பக்க எழுத்தை நம்பாமல், பின்பக்கத்தில் உள்ள புரதம், கொழுப்பு அளவைப் பாருங்கள். 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"வயசான நாய்க்குப் புரதத்தைக் குறைக்கணும், இல்லன்னா கிட்னி போயிடும்" என்ற பழைய நம்பிக்கை இன்னமும் உண்டு. ஆரோக்கியமான முதிய நாய்க்கு இது பொருந்தாது. அதற்குத் தசையைக் காப்பாற்ற நல்ல தரமான புரதம் தேவை. சிறுநீரக நோய் இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியானால்தான் பாஸ்பரஸையும் புரதத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். அதையும் டாக்டர் சொல்லும் அளவில்தான் செய்ய வேண்டும்.

தட்டில் வைக்கவே கூடாதவை

• வெங்காயம், பூண்டு: சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் நச்சு போகாது. சாம்பார், ரசம், குருமா ஊற்றிய சோற்றில் இதுதான் ஆபத்து.
• திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். பாயசம், சர்க்கரைப் பொங்கல், கேசரியில் இருப்பதை மறக்க வேண்டாம்.
• சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம்.
• வெந்த எலும்பு: பிரியாணி எலும்பு கூர்மையாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும்.
• கருவாடு, ஊறுகாய், அப்பளம்: உப்பு அதிகம். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ள முதிய நாய்க்கு ரொம்பவே கெடுதல்.
• எண்ணெய்ப் பலகாரம், கறிக் கொழுப்பு: கணைய அழற்சியைத் தூண்டலாம். விருந்து முடிந்த மறுநாள் நாய் விடாமல் வாந்தி எடுத்தால் இதைச் சந்தேகியுங்கள்.
• பூசணம் பிடித்த சோறு, மாட்டுக்கு வைத்த பழைய கடலைப் புண்ணாக்கு: பூஞ்சை நச்சு கல்லீரலைத் தாக்கும்.

பழைய சோறு கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கெட்டுப்போகாத பழைய சோற்றில் தயிர் கலந்து கொடுப்பதில் தவறில்லை. உப்பும் சின்ன வெங்காயமும் சேர்ப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். வெயில் நாளில் நீண்ட நேரம் வெளியே கிடந்து கெட்ட வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

நடக்க முடியவில்லையே என்று பரிதாபப்பட்டு, நமக்கு வாங்கிய வலி மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் நாய்க்கு நீங்களாகக் கொடுக்கக் கூடாது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒல்லியா இருந்தா நல்லதா, குண்டா இருந்தா நல்லதா?

48 லாப்ரடார் நாய்களை வைத்து அமெரிக்காவில் நடந்த நீண்ட ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே வாழ்நாள் முழுவதும் உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருஷம். மற்றவற்றுக்கு 11.2 வருஷம். மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் தாமதமாகத்தான்.

இதைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே மெலிந்த நாய்க்குச் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். அளவான உடம்பு வேறு, இளைத்த உடம்பு வேறு. கையால் தடவும்போது விலா எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கித் தெரிய வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்கு ஒல்லி உடம்புதான் இயல்பு. அவற்றை லாப்ரடாரோடு ஒப்பிடக் கூடாது.

எடை பார்ப்பது சுலபம். நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை. தூக்க முடியாத நாய் என்றால் நெல், உரம் நிறுக்கும் மேடைத் தராசில் நிறுத்திப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள்.

எது வயசு, எது நோய்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும் என்றால் அது இந்தப் பகுதிதான். முதுமை என்பது நோய் இல்லை. "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடும் பல நாய்களுக்கு, பார்த்தால் குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ கூடிய ஏதோ ஒரு நோய் இருக்கலாம். கீழே உள்ளவை தெரிந்தால் தட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் கொண்டு போங்கள்.

• முழுசாக ஒரு நாள் எதுவும் சாப்பிடவில்லை, அல்லது சாப்பாடு பல நாளாகக் குறைந்துகொண்டே வருகிறது.
• 15 கிலோ நாய் 13.5 கிலோ ஆகிவிட்டது. அதாவது காரணமே இல்லாமல் பத்தில் ஒரு பங்கு எடை போய்விட்டது.
• தண்ணீர் அதிகம் குடிக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லி லிட்டருக்கு மேல் போனால் அது அசாதாரணம். 15 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டர். காலையில் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்தால் தெரிந்துவிடும். சிறுநீரக நோய், சர்க்கரை நோய் இரண்டும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.
• கருத்தடை செய்யாத வயசான பெண் நாய், கருவுறும் பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து படுத்து, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது. கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். இது அவசரச் சிகிச்சை தேவைப்படும் நிலை.
• ஈறு வெளுத்திருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது, உடம்பில் உண்ணி இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே பார்த்தால் மருந்தில் சரியாகும்.
• தட்டுக்கு ஆசையாக வருகிறது, வாய் வைத்ததும் விலகிவிடுகிறது. வாய் நாற்றமும் எச்சிலும் இருக்கிறது. பல் வலிதான் முதல் சந்தேகம்.
• நேற்று வரை நன்றாக இருந்த நாய் திடீரென்று வாந்தி, நடுக்கம், ரத்தக் கசிவோடு விழுகிறது. டெல்டாவில் வயலிலும் நெல் கொட்டும் இடத்திலும் எலி மருந்து வைப்பது வழக்கம். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். மருந்து அட்டை கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

எங்கே காட்டுவது?

அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டலாம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் தஞ்சாவூர் போக வேண்டியிருக்கும். தஞ்சை மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்கி வருகிறது.

8 வயசு தாண்டிய நாயை நோய் வரும் வரை காத்திராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது. போகும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: மாத எடை, ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர், தட்டில் போடும் எல்லாப் பொருட்களும் அவற்றின் அளவும். "சோறுதான் போடுறோம்" என்று சொல்வதைவிட, தட்டை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டினால் டாக்டருக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

நோய் முற்றிவிட்டால்?

சிறுநீரக நோயோ புற்றுநோயோ முற்றிய நாய்க்கு, மேலே சொன்ன கணக்கெல்லாம் பின்னுக்குப் போய்விடும். அந்தக் கட்டத்தில் சத்துக் கணக்கில் குறையிருந்தாலும், அது விரும்பிச் சாப்பிடும் பாதுகாப்பான எதையாவது சாப்பிடுவது, எதுவுமே சாப்பிடாமல் கிடப்பதைவிட மேல். கையால் ஊட்டினால் சாப்பிடும் என்றால் ஊட்டலாம். வாயைத் திறந்து பலவந்தமாகத் திணிக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். குமட்டலுக்கும் வலிக்கும் நாய்களுக்கென்றே மருந்து இருக்கிறது. அதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். குமட்டல் அடங்கினாலே பல நாய்கள் மறுபடி தட்டுக்கு வரும்.

செலவு எவ்வளவு ஆகும்?

மேலே சொன்ன மாற்றங்களில் பாதிக்குக் காசே தேவையில்லை. தாளிப்புக்கு முன் எடுத்து வைப்பது, வெதுவெதுப்பாகக் கொடுப்பது, மூன்று வேளையாகப் பிரிப்பது, தட்டை உயர்த்துவது, தண்ணீரை அளப்பது, எடையைக் குறிப்பது எல்லாம் கவனம் மட்டும் கேட்பவை. மீதிக்குத் தினம் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிக் கறியும்.

ஏழாம் நூற்றாண்டிலேயே, திருடர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கு நடுகல்லில் இடம் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த அந்தக் கல்லில் நாயின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. பத்து வருஷம் வாசலைக் காத்த நாய்க்குக் கல் நட வேண்டியதில்லை. இன்று ராத்திரி குழம்பு தாளிப்பதற்கு முன் அதன் பங்கை எடுத்து வைத்தால் போதும். நாளைக் காலை எடையைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். அடுத்த மாதம் அந்த எண்ணே, காத்திருக்கலாமா, டாக்டரிடம் போகணுமா என்று உங்களுக்குச் சொல்லிவிடும்.